கோவர்ட் ஆக்‌ஷன்: எந்தக் கோளாறுக்கு என்ன வழி

1990-இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்ட கணினி விளையாட்டான கோவர்ட் ஆக்‌ஷனை மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட்டில் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்து, பட்டணத்துப் பள்ளிக்கு வந்து, யாரோ ஒருவர் வீட்டுக் கணினியில் முறை வைத்து ஆடியவர்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். சொந்த மடிக்கணினி இருக்கிறது, ராத்திரியில் கொஞ்சம் நேரமும் கிடைக்கிறது. ஆனால் திறந்து அரை மணி நேரத்துக்குள் "ஓடவில்லை", "புரியவில்லை", "முன்பு மாதிரி இல்லை" என்று மூடிவிடுகிறார்கள். அப்படி மூடிவைக்க வேண்டிய விளையாட்டு இல்லை இது.

அறியாதவர்களுக்கு இரண்டு வரி. நீங்கள் மேக்ஸ் ரெமிங்டன் என்ற உளவாளி. ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். சிஐஏ ஒரு துப்புக் கொடுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் பறந்து, ஒரு சதியில் யார் யாருக்கு என்ன பங்கு என்று கண்டுபிடித்து, பின்னால் இருக்கிற சூத்திரதாரி வரை போக வேண்டும். போகிற வழியில் நான்கு வேலை: கட்டடத்துக்குள் புகுந்து தேடுவது, காரில் பின்தொடர்வது, ரகசியச் செய்தியை உடைப்பது, சர்க்கிட்டை மாற்றித் தொலைபேசியை ஒட்டுக்கேட்பது.

இதில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று கணினியில் இருக்கிறது. அதைச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். இன்னொன்று விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்கு '555' என்கிற சின்னப் பை நோட்டும் பென்சிலும் வேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் வகையைத் தீர்த்துவிட்டு, இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அதனால் கணினிப் பக்கத்தை வேகமாகச் சொல்லிவிட்டு, இரண்டாவதில் நின்று பேசுகிறேன்.

"இந்தப் புரோகிராம் உங்கள் கணினியில் ஓடாது" என்று வருகிறது

கோவர்ட் ஆக்‌ஷன் விண்டோஸ் பரவுவதற்கு முந்திய டாஸ் காலத்து 16-பிட் புரோகிராம். இன்றைய 64-பிட் விண்டோஸ் அந்த வகையை நேரடியாக ஓட்டாது. 'பழைய விண்டோஸ் போல ஓட்டு' என்கிற தேர்வைப் போட்டாலும் பயன் இல்லை. டாஸ்பாக்ஸ் வேண்டும். அது பழைய கணினி ஒன்றை உங்கள் கணினிக்குள் பாவனையாக உருவாக்கிக் கொடுக்கும் இலவச மென்பொருள். 0.74-3 பதிப்பு இந்த விளையாட்டுக்குப் போதும்.

ஸ்டீம், ஜிஓஜி என்கிற இணைய விளையாட்டுக் கடைகளில் வாங்கினால் டாஸ்பாக்ஸ் சேர்ந்தே வரும். அப்படி வாங்குவதையே நான் சொல்வேன். பெயர் தெரியாத இடத்திலிருந்து இறக்கிய பிரதிகளில் பாதிக் கோப்புகள் காணாமல் இருக்கும். அப்புறம் விளையாட்டு நடுவில் நிற்கும்போது அது எந்தக் கோளாறு என்று தேடி நேரம்தான் போகும்.

டாஸ்பாக்ஸ் திறக்கிறது, ஆனால் விளையாட்டு கிடைக்கவில்லை என்கிறது

டாஸ்பாக்ஸுக்கு உங்கள் டிரைவ்கள் தானாகத் தெரியாது. எந்த ஃபோல்டரை அது 'சி' டிரைவாக நினைக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மவுண்ட் கட்டளை. 'மவுண்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டு 'சி', மறுபடி இடைவெளி விட்டு ஃபோல்டரின் முழுப் பாதை. பிறகு 'சி' போட்டு முக்காற்புள்ளி, என்டர். அதற்குப் பிறகுதான் விளையாட்டின் ஃபோல்டருக்குள் போக முடியும்.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் ஃபோல்டர் பெயரில்தான். டாஸுக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் புரியாது. இடைவெளி இருந்தாலும் திணறும். 'கோவர்ட்' என்று ஒரே சொல்லில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, டிரைவின் முதல் மட்டத்திலேயே ஒரு 'கேம்ஸ்' ஃபோல்டருக்குள் போட்டுவிடுங்கள். தினமும் அடிக்கச் சலிப்பாக இருந்தால், டாஸ்பாக்ஸின் ஆப்ஷன்ஸ் கோப்பைத் திறந்து, கடைசியில் இருக்கிற ஆட்டோஎக்ஸெக் பகுதிக்குக் கீழே இதே கட்டளைகளை வரிசையாக எழுதிச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை தானாகவே ஓடும்.

அந்தக் காலத்து டிஸ்க் இருக்கிறது, படிக்க மறுக்கிறது

நம் பக்கத்து ஈரக்காற்றுக்கு டிஸ்க் தாங்காது. மூன்றரை அங்குல டிஸ்க்கை எடுத்து, இரும்புத் தகட்டை விரலால் ஒதுக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்புப் பரப்பில் வெள்ளையாகப் புள்ளியோ, வட்டமாகப் படர்ந்த மங்கலோ தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே டிரைவில் போடாதீர்கள். படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடுகிற நல்ல டிஸ்க்கையும் கீறும்.

பூஞ்சணம் இல்லாத டிஸ்க்கை, யூஎஸ்பியில் செருகுகிற ஃபிளாப்பி டிரைவில் போட்டுப் படிக்கலாம். அந்த டிரைவ்கள் மூன்றரை அங்குலத்தை மட்டும்தான் ஏற்கும். ஐந்தேகால் அங்குல டிஸ்க் வைத்திருப்பவர்கள் பழைய டிரைவும் அதற்கான தனிக் கருவியும் தேட வேண்டியிருக்கும். ஞாபகப் பொருளாக டிஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டு, ஆட்டத்தைப் புதிதாக வாங்குவதே நிம்மதி.

கார் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கிறது, அல்லது எல்லாம் ஊர்கிறது

வேகம் சைக்கிள்ஸ் என்ற அளவில் இருக்கிறது. டாஸ்பாக்ஸ் ஜன்னலின் தலைப்புப் பட்டையிலேயே அந்த எண் தெரியும். 3000-இல் தொடங்குங்கள். வேகம் அதிகம் என்றால் கன்ட்ரோலோடு எஃப்11, குறைவு என்றால் கன்ட்ரோலோடு எஃப்12. மடிக்கணினியில் இந்த விசைகள் ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றினால், எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.

சரியான வேகம் எது என்று கேட்டால், காரை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்த சந்திப்பு வருவதைக் கண்ணால் பார்த்து, யோசித்துத் திரும்ப நேரம் இருந்தால் அதுதான் சரி. அந்த எண்ணை ஆப்ஷன்ஸ் கோப்பில் எழுதிவிடுங்கள்.

சத்தமே இல்லை

ஒலிக்கருவி கேட்கும் இடத்தில் ஆட்லிப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டாஸ்பாக்ஸ் அதைச் சுத்தமாகப் பாவனை செய்யும். ரோலண்ட் என்று ஏதாவது தென்பட்டு அதைத் தேர்ந்தால், அந்தக் கருவி உங்களிடம் இல்லாததால் அமைதிதான் வரும்.

முகங்கள் எல்லாம் அகலமாகத் தெரிகின்றன

பழைய திரை நாலுக்கு மூன்று. இப்போதைய திரை அதைவிட அகலம். ஆப்ஷன்ஸ் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கி, 'அவுட்புட்' என்பதை 'ஓபன்ஜிஎல்' ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், இருக்கட்டும். சந்தேக நபர்களின் முகத்தைப் பார்த்து அடையாளம் பிடிக்க வேண்டிய விளையாட்டில் முகம் ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

மேக்ஸ் தானாகவே ஒரு பக்கம் நடக்கிறார், அல்லது சாய்வாக நடக்க மறுக்கிறார்

தானாக நடந்தால் கணினியில் ஜாய்ஸ்டிக்கோ கேம்பேடோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றினால் தீரும். கழற்ற விருப்பமில்லை என்றால், ஆப்ஷன்ஸ் கோப்பில் 'ஜாய்ஸ்டிக்டைப்' என்பதற்கு எதிரே 'நன்' என்று மாற்றுங்கள்.

சாய்வாக நடக்க முடியாதது மடிக்கணினிக்காரர்களின் பிரச்சினை. அந்தக் காலத்து விசைப்பலகையில் வலது ஓரத்து எண்களை வைத்து எட்டுத் திசையிலும் நகர்வார்கள். அந்த எண்கள் உங்கள் பலகையில் இல்லை என்றால், கன்ட்ரோலோடு எஃப்1 அழுத்துங்கள். விசைப்பலகைப் படம் ஒன்று வரும். படத்தில் எண் பக்கத்து 7-ஐச் சொடுக்கி, 'ஆட்' போட்டு, அதற்குப் பதிலாக எந்த விசை வேண்டுமோ அதை அழுத்துங்கள். நான்கு மூலைக்கும் இப்படிச் செய்து 'சேவ்' போடுங்கள். கணினிக் கடையில் தனியாக எண் பலகை விற்கிறார்கள். அதை வாங்கிச் செருகுவது இன்னும் சுலபம். நம்லாக் விளக்கை ஒருமுறை அணைத்தும் போட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

சுட்டி விண்டோஸ் பக்கம் வர மறுத்தால் கன்ட்ரோலோடு எஃப்10. முழுத்திரைக்கு ஆல்ட்டோடு என்டர். கன்ட்ரோலோடு எஃப்9 பக்கம் மட்டும் விரல் போக வேண்டாம். கேள்வியே கேட்காமல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

நேற்று சேமித்த ஆட்டம் இன்று இல்லை

இரண்டு காரணங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒன்று, ஜிப் கோப்பைப் பிரிக்காமல் உள்ளேயிருந்தே ஆடியிருப்பார்கள். ஜன்னலை மூடியதும் சேமித்ததும் போய்விடும். இன்னொன்று, விண்டோஸின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் வைத்திருப்பார்கள். அங்கே எழுத விண்டோஸ் எளிதில் விடாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பிரித்து, மேலே சொன்ன 'கேம்ஸ்' ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

பேராக்கில் சாயங்கால மழை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இடி கேட்டதும் சேமித்துவிடுங்கள். ஒரு நகரத்தில் வேலை முடித்து விமானம் ஏறுவதற்கு முன்னால் சேமிப்பது நல்ல பழக்கம்.

கணினிப் பக்கம் இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் "ஆட்டம் ஓடுகிறது, ஆனால் என்னால் ஓட முடியவில்லை" என்கிற வகை.

ரகசியச் செய்தியை உடைப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது

இந்த வேலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் "அண்ணே, அது இங்லிஷ்காரங்களுக்குத்தான்" என்று ஒதுங்குகிறார்கள். அது சரியில்லை. ஆங்கிலம் பேச வராதவரும் இதை உடைக்கலாம். எழுத்துகளின் பழக்கம் தெரிந்தால் போதும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் பதில் வேறோர் எழுத்து நிற்கிறது. ஒரே செய்திக்குள் அந்த மாற்று மாறாது. ஓர் இடத்தில் 'ஈ'-க்குப் பதில் 'கே' என்றால், செய்தி முழுக்க 'கே' என்பது 'ஈ'தான். இப்படிப்பட்ட மறைப்பை எழுத்துகளை எண்ணியே உடைக்கலாம் என்று 9-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-கிந்தி என்ற அறிஞர் எழுதிவைத்துவிட்டார். ஆங்கிலத்தில் நூறு எழுத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று 'ஈ' வரும். அடுத்து 'டி' ஒன்பது, 'ஏ' எட்டு.

ஆனால் எண்ணுவதில் தொடங்காதீர்கள். விளையாட்டில் வருகிற செய்தி சின்னது. சின்னச் செய்தியில் கணக்குத் தப்பும். எண்ணி முடிக்க நேரமும் இருக்காது. சொல்லின் உருவத்தைப் பாருங்கள்.

தனியாக ஓர் எழுத்து நின்றால் அது 'ஏ' அல்லது 'ஐ'. ஒரே மூன்றெழுத்துச் சொல் திரும்பத் திரும்ப வந்தால் 'டி-எச்-ஈ' என்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும். பொருந்தினால் ஒரே அடியில் மூன்று எழுத்து கையில். நீளமான சொற்களின் வாலைப் பாருங்கள். 'ஐ-என்-ஜி' என்று முடிகிறவை உண்டு. இரண்டெழுத்துச் சொல் 'டி'-யில் தொடங்கினால் அடுத்தது 'ஓ'. ஒரே எழுத்து இரட்டையாக வந்தால் 'எல்', 'எஸ்', 'ஈ', 'ஓ' இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு மேல் ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. செய்தி உங்கள் வழக்கைப் பற்றியது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நகரத்தின் பெயரோ, ஆளின் பெயரோ அதில் வரக்கூடும். நோட்டில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களின் எழுத்து எண்ணிக்கையைச் செய்தியில் இருக்கிற நீளச் சொற்களோடு ஒப்பிடுங்கள். ஒன்பது எழுத்து ஊர் ஒன்று சரியாக உட்கார்ந்துவிட்டால் மீதிச் செய்தி தானாகவே அவிழும்.

ஆரம்பத்தில் மேக்ஸுக்குப் பயிற்சிப் புள்ளிகள் பங்கிடச் சொல்லும்போது, உங்களுக்கு எது வராதோ அதற்கு அதிகம் கொடுங்கள். கார் நன்றாக ஓட்டுவீர்கள் என்றால் அதற்கு ஏன் புள்ளி? பட்டியலில் தனிப் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. வழக்கு ஓடாதபோது அங்கே போய்ச் செய்தி உடைத்துப் பழகுங்கள்.

ஒட்டுக்கேட்கப் போனால் எச்சரிக்கை மணி அடிக்கிறது

சர்க்கிட் பலகையில் சில்லுகளை இடம் மாற்றி மின்சாரம் போகிற பாதையைத் திருப்ப வேண்டும். மணிக்கு மட்டும் மின்சாரம் போய்விடக் கூடாது. எல்லோரும் மின்சாரம் வருகிற பக்கத்திலிருந்து தொடங்கி, முதல் சில்லை மாற்றுகிறார்கள். அதில் ஒன்றை அசைத்தால் கீழே நாலு கோடு மாறும். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர் முதலில் கடைமடையைத்தான் பார்ப்பார். அதுபோல மணியில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். மணிக்கு முன்னால் இருக்கிற சில்லு எது, அதற்கு எந்தக் கோட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மணியின் பாதையை முதலில் தெரிந்துகொண்டு, அதைத் தொடாமல் மற்றதை மாற்றுங்கள். இரண்டு சில்லுகள் ஒரே மாதிரி இருந்தால் அவற்றை ஒன்றோடொன்று மாற்றுவதில் பயன் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பின்தொடர்கிற கார் நழுவிவிடுகிறது

நெருங்கிப் போகாதீர்கள். பின்தொடர்வதும் துரத்துவதும் ஒன்றல்ல. பக்கத்துத் தெருவில் இணையாகப் போய், சந்திப்பில் மட்டும் எட்டிப் பாருங்கள். ஆள் எந்தத் திசையில் போகிறார் என்று தெரிந்தால் போதும்.

கட்டடத்துக்குள் புகுந்து வெளியே வந்ததும், எதற்குப் போனேன் என்பதே மறந்துவிடுகிறது

இதுதான் இந்த விளையாட்டின் பெரிய கோளாறு. உங்கள் வயதோ ஞாபகமறதியோ காரணம் இல்லை. உருவாக்கிய சிட் மெய்யரே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உள்ளே புகுந்து தேடுகிற பகுதி தனியாகவே ஒரு முழு விளையாட்டு அளவுக்கு ஈர்க்கிறது, முடித்து வெளியே வரும்போது வழக்கு மனதை விட்டுப் போயிருக்கிறது என்றார். ஒரு நல்ல விளையாட்டு, இரண்டு அருமையான விளையாட்டுகளைச் சேர்த்துக் கட்டியதைவிட மேல் என்று அவர் எடுத்த முடிவு, விளையாட்டு வடிவமைப்பாளர்களிடையே 'கோவர்ட் ஆக்‌ஷன் விதி' என்ற பெயரிலேயே நிற்கிறது. அடுத்த வருடம், 1991-இல், அவருடைய சிவிலைசேஷன் வந்தது. அதில் போர் நடந்தாலும் ஆட்டம் வரைபடத்தை விட்டு வெளியே போகாது.

அவர் சொன்னது வடிவமைப்பவருக்குச் சரி. ஆடுகிறவருக்கு இன்னொரு வழி இருக்கிறது: ஞாபகத்தை விளையாட்டுக்கு வெளியே வைத்துவிடுவது. நிஜ உளவு வேலையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஓடிப் போய்க் கதவை உடைத்தவர்களைவிட, மேசையில் உட்கார்ந்து அட்டைக்கு அட்டை பெயரைச் சேர்த்துக் கட்டியவர்களால்தான் வழக்குகள் அவிழ்ந்தன.

அதற்கு 555 நோட்டு போதும். சட்டைப் பையில் அடங்குகிற அளவு, அட்டையில் பெரிதாக 555. தோட்டத்துக் கடையில் மாதச் சம்பளம் வரை கடன் எழுதிவைத்த அதே நோட்டு. பெரிய நோட்டோ கைப்பேசிக் குறிப்போ வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 555-இன் ஒரு பக்கத்தில் ஓர் ஆளுக்கு மேல் அடங்காது. அதுதான் நமக்கு வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு சந்தேக நபர். மேலிருந்து ஐந்து வரி: முகம், பெயர், ஊர், அமைப்பு, சதியில் அவர் வேலை. தெரியாததைக் காலியாக விடுங்கள். முகம் என்றால் படம் வரைய வேண்டாம். 'மீசை, கண்ணாடி' என்று எழுதினால் போதும். விளையாட்டும் இதே விவரங்களைத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. ஆனால் அங்கே போய்ப் படிப்பது வேறு, கையால் எழுதுவது வேறு. எழுதினால்தான் எந்த வரி காலி என்பது மனதில் நிற்கும்.

இப்போது முக்கியமான இடம். எந்தக் கட்டடத்துக்குள் புகுவதற்கு முன்னாலும், அந்த ஆளின் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். 'பணம் கொண்டுவருகிறவன் எந்த ஊர்?' இப்படி. 'தகவல் தேடுவது' என்று பொதுவாக எழுதினால் அது கேள்வி இல்லை. அப்படி ஒரு கேள்வி எழுத வரவில்லை என்றால் அந்தக் கட்டடத்துக்குள் போக உங்களுக்குக் காரணமே இல்லை. காரையோ தொலைபேசியையோ கவனியுங்கள். உள்ளே போய் அலமாரி, மேசை, பெட்டகம் தேடிக் கிடைத்ததைக் கேமராவில் எடுத்துக்கொண்டு வாருங்கள். கேள்விக்குப் பதில் கிடைத்த அந்த நிமிடமே வெளியேறுங்கள். இன்னும் இரண்டு அறை இருக்கிறதே என்று இழுக்கும். பிடிபட்டால் போகிற நேரத்தில் சதி அடுத்த படிக்குப் போய்விடும். விளையாட்டின் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வெளியே வந்ததும் திரையைத் தொடாமல் முதலில் நோட்டைத் தொடுங்கள். கேள்விக்குப் பக்கத்தில் பதில். பதில் கிடைக்கவில்லை என்றால் ஒரு குறுக்குக் கோடு. அப்புறம் நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை புரட்டுங்கள். காலி வரி குறைவாக இருக்கிற ஆள் யாரோ, அவர்தான் அடுத்த வேலை.

எங்கள் கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கிற தம்பிக்கு இதைக் காட்டினேன். முதலில் "அண்ணே, கேமுக்கு நோட்டுப் புக்கா?" என்றான். அடுத்த வாரம் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது பையிலிருந்து எடுத்துக் காட்டினான். ஆள்களுக்கிடையே அம்புக்குறி போட்டு, யார் யாருக்குச் செய்தி அனுப்புகிறார் என்று அவனாகவே ஒரு வரைபடம் சேர்த்திருந்தான். அது என்னுடைய முறையைவிட நல்லது. கடைசிப் பக்கத்தை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

ஆட்களைக் கைது செய்கிறேன், ஆனால் சூத்திரதாரி தப்பிவிடுகிறார்

அவசரப்பட்டுக் கைது செய்கிறீர்கள். கீழே இருக்கிறவரைப் பிடித்ததும் அவர் வழியாக வரவேண்டிய தகவல் நின்றுவிடும். சங்கிலியில் மேலே இருக்கிறவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு அன்னியமான கதை இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை வரை நீடித்தது. அந்த வருடங்களில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நல்ல வானொலித் தொடர்பு இல்லை. சின்னத் தாளில் எழுதிய செய்தியை ஆள் மாற்றி ஆள் கொண்டுபோவார்கள். போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் அந்தத் தூதர்களைப் பிடித்ததும் எல்லோரையும் உள்ளே தள்ளவில்லை. சிலரைத் தன் பக்கம் திருப்பி, திரும்பவும் அதே வழியில் அனுப்பியது. செய்தி ஓடிக்கொண்டே இருந்தது, படிக்கிற கண் மட்டும் ஒன்று கூடியது. அதற்கும் முன்னால், மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைச் செயலாளராக இருந்த லாய் தெக்கே பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் உளவு சொன்னவர் என்பது 1947-இல்தான் கட்சிக்குத் தெரியவந்தது.

கோவர்ட் ஆக்‌ஷனிலும் போதிய ஆதாரம் இருந்தால் ஓர் ஆளைக் கைது செய்வதற்குப் பதில் இரட்டை உளவாளியாகத் திருப்பலாம். நோட்டின் கடைசிப் பக்கத்து அம்புக்குறிகளைப் பாருங்கள். யாரிடமிருந்து அதிக அம்புகள் புறப்படுகின்றனவோ, யாரிடம் அதிகம் வந்து சேர்கின்றனவோ, அவரைத் திருப்புங்கள். ஒற்றை அம்பு மட்டும் உள்ளவரைக் கைது செய்யலாம். சதி கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, இனிப் பொறுத்தால் அசம்பாவிதம் நடந்துவிடும் என்றால், அப்போது பொறுமை வேண்டாம். கையில் இருக்கிறவரைப் பிடித்துச் சதியை உடைத்துவிடுங்கள். சூத்திரதாரி அடுத்த வழக்கில் வரலாம்.

கொஞ்ச நாள் கழித்து எல்லா வழக்கும் ஒரே மாதிரி இருக்கிறது

உண்மைதான். விளையாட்டு வழக்குகளைத் தானே கலைத்துச் சேர்த்து உருவாக்குகிறது. ஆளும் ஊரும் மாறும், எலும்புக்கூடு மாறாது. ஒரே மூச்சில் உட்கார்ந்து ஆடினால் சீக்கிரம் அலுக்கும். ராத்திரிக்கு ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடினத்தில் நான்கு நிலை. கீழே லோக்கல் டிஸ்டர்பன்ஸ், மேலே குளோபல் கிரைசிஸ். நோட்டை நம்பி ஆடுகிறவர்கள் அடிமட்டத்திலேயே தங்கிவிட வேண்டாம். அங்கே ஆட்கள் குறைவு. நோட்டு இல்லாமலே மனதில் வைத்துக்கொள்ள முடியும், அதனால்தான் சலிக்கிறது. அடுத்த நிலைக்குப் போனால் பக்கங்கள் நிறையும், காலி வரிகள் நெடுநேரம் காலியாகவே இருக்கும், யாரை விடுவது யாரைப் பிடிப்பது என்று உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு வழக்கில் இரண்டு ஆளுக்கு மேல் பக்கத்தின் ஐந்து வரியும் நிறைந்துவிட்டால், அடுத்த வழக்கை ஒரு நிலை ஏற்றித் தொடங்குங்கள்.